பரீட்சைக்கு வரும் அக்கா

என்னை டாக்டராக்கியது ஓர் அக்காவின் இதயம். இறுதியாண்டுப் பரீட்சையில் எனக்குக் கிடைத்த நோயாளி அவர். பெரிய மார்க்கெட்டில் பூ கட்டி விற்பவர். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டிருந்தது. அவர் மார்பில் கை வைத்தால், ஓடுகிற தையல் மெஷின்மேல் வைத்தது போல அதிரும். இவ்வளவு தெளிவாக நோய் தெரிகிறவர்களை எங்கள் மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவத் துறையில் 'நல்ல கேஸ்' என்பார்கள். பரீட்சை வந்தால் துறையிலிருந்து ஆள் போய் நல்ல கேஸ்களை அழைத்து வருவார். டிபன் உண்டு, பஸ் செலவு உண்டு. நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவராக நாங்கள் தொட்டும் தட்டியும் பார்ப்போம்.

"இன்னா வியாதின்னு மட்டும் சொல்லிடுங்கக்கா," என்று அன்று நான் கெஞ்சினேன்.

"நல்லா இருக்கே கதை! நானே சொல்லிட்டா நீ இன்னாத்துக்குப் படிச்ச? அழுத்தி வெச்சிக் கேளு பாப்பா."

கேட்டேன். பாஸும் ஆனேன்.

அடுத்து ஹவுஸ் சர்ஜனாக அதே துறைக்கு வந்தபோது, வார்டுக்குப் போகும் படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். பாதியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எத்தனையோ பேர் பாஸாகிப் போய்விட்டோம், இவர் வால்வு மட்டும் அப்படியே இருக்கிறதே என்று எனக்குத் திக்கென்றது. நேராக உதவிப் பேராசிரியரிடம் போனேன்.

"சென்னைக்கு ரெஃபர் பண்ணியாச்சும்மா. வருஷா வருஷம் பண்றோம். அவங்கதான் போகல. கையப் பிடிச்சி இழுத்துட்டா போக முடியும்?"

ஏன் முடியாது என்று தோன்றியது. எனக்கு எல்லாமே உடனே தோன்றும். அன்று மாலையே மார்க்கெட்டுக்குப் போனேன். இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு சாக்கு விரிக்கிற அளவு இடம், அவ்வளவுதான் அக்காவின் கடை. தொடர்ந்து சில நாள் வராவிட்டால் அங்கே வேறு யாராவது கூடையை வைத்துவிடுவார்கள். கணவர் மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு கிடைத்த கூலி வேலைக்குப் போகிறார். சென்னையில் எந்த வாசலில் போய் நிற்பது என்று இருவருக்குமே தெரியாது. இதெல்லாம் ரெஃபர் என்ற ஒரு சொல்லுக்குள் எங்கே இருக்கிறது?

துறையின் மாதக் கூட்டத்தில் நானும் இரண்டு தோழிகளும் எழுந்து நின்றோம். ரெஃபர் செய்வது வைத்தியமாகாது, நோயாளி போய்ச் சேர்ந்தாரா என்று பார்க்க வேண்டியதும் துறைதான், அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னோம்.

"யூனியன் லீடர் வந்தாச்சுடா நம்ம துறைக்கு!" என்று பின்வரிசையில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "செய்ங்கம்மா. ட்யூட்டி கெடாம செய்ங்க," என்றார்.

செய்தோம். பக்கத்தில் கதம்பம் விற்கும் அம்மாள் அக்காவின் இடத்தைக் காப்பாற்றுவதாக ஒத்துக்கொண்டார். என் விடுமுறை நாளில் அக்காவும் நானும் சென்னை பஸ் ஏறினோம். ஊர் எல்லையில் இருக்கிற காலாப்பட்டு தாண்டும்வரை ஜன்னல் பக்கத்திலிருந்து அவர் முகத்தைத் திருப்பவில்லை. சென்னையில் பரிசோதித்துவிட்டு, தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூன் வைத்து வால்வை விரிக்கலாம் என்று தேதி கொடுத்தார்கள்.

"பலூனா? தேர்த் திருவிழாவுல விப்பாங்களே, அதா?" என்று அக்கா சிரித்தார். திரும்பும் வழியில், "அப்போ நெஞ்சுல இந்தச் சத்தம் போயிடுமா?" என்று கேட்டார்.

"போயிடும்க்கா."

"அப்புறம் என்னைப் பரீட்சைக்குக் கூப்பிட மாட்டீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தத் தேதியிலேயே பல்கலைக்கழகப் பரீட்சையும் வந்து விழுந்தது. துறை ஆள் அக்காவை அழைக்க மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்ததாகக் கேள்விப்பட்டதும் துறைத் தலைவர் அறைக்கு ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வெளியூர் எக்ஸாமினர்லாம் வர்றாங்கம்மா. வேற வால்வு கேஸ் கிடைக்கல. நானே சென்னைக்குப் போன் பண்ணி அடுத்த மாசம் தேதி வாங்கித் தர்றேன். இத்தனை வருஷமா இருக்கிற நோய், ஒரு மாசத்துல என்ன ஆயிடப்போகுது? கட்டாயமில்ல. அவங்களையே கேளு."

கேட்டேன்.

"கட்டாயமில்லன்னு பெரிய டாக்டரு எங்கிட்டயும் சொல்லி அனுப்பினாரு பாப்பா. அதனாலதான் மாட்டேன்னு சொல்ல வாய் வரல. மார்க்கெட்ல என்னை 'வாம்மா, உட்காரும்மா'ன்னு யாரு சொல்றாங்க? இங்க ஆஸ்பத்திரியில அவரு ஒருத்தருதான் சொல்றாரு."

"அக்கா, பசங்க வேற கேஸ் பார்த்துப் பாஸாவாங்க. நீங்க மெட்ராஸ் போங்க."

"அடுத்த மாசம் போறேன்னு சொல்லிட்டேன். நீதானே கூட வரப்போற? மூஞ்சியத் தூக்காத."

பரீட்சை நல்லபடியாக நடந்தது. துறைத் தலைவரும் சொன்னபடி தேதி வாங்கிவிட்டார். அந்தத் தேதி வருவதற்குள் ஒரு காலையில், கட்டிக்கொண்டிருந்த மல்லிகை அக்காவின் கையிலிருந்து நழுவியது. வாய் கோணிக்கொண்டது. கதம்பம் விற்கும் அம்மாள்தான் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். சுருங்கிய வால்வுக்குப் பின்னால் உறைந்த ரத்தக் கட்டியில் ஒரு துண்டு மூளைக்குப் போய் அடைத்துவிட்டது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று.

அடுத்த கூட்டத்தில், சிகிச்சைக்குக் காத்திருக்கும் யாரையும் இனிப் பரீட்சைக்கு அழைக்கக் கூடாது என்று துறைத் தலைவரே முடிவைச் சொன்னார். ரெஃபர் செய்யப்பட்டவர்களைக் கவனிக்கவும் ஆள் நியமித்தார். யாரும் சிரிக்கவில்லை. இதற்காகத்தானே எழுந்து நின்றேன்? ஒப்புதலுக்குக் கை தூக்கச் சொன்னபோது எல்லாரையும்போல நானும் தூக்கினேன். மனசு வார்டில் கிடந்தது.

வார்டில் அக்காவின் கணவர் ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"பாப்பா, மெட்ராஸ் தேதி வர்ற திங்கக்கெழமதானே? நீ வழிய மட்டும் சொல்லு. நான் தூக்கிட்டே போயிடுவேன்."

"இப்ப முடியாதுண்ணா. இதயத்துல இன்னும் ரத்தக் கட்டி இருக்கு. அது கரையற வரைக்கும் பலூன் போட மாட்டாங்க."

"கரைஞ்சதும் போடுவாங்கல்ல?"

"போடலாம்."

"போட்டா கையி வந்துடுமா? கை வந்துட்டா போதும், பூ கட்டிக்கும்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுதான் போயிருந்தது. நாங்கள் பேசுவதெல்லாம் புரிந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"இல்லண்ணா. பலூன் மூச்சு வாங்கறதுக்குத்தான். கைக்கு இல்ல."

அவர் மறுபடி உட்கார்ந்து ஸ்பூனை அக்காவின் வாயருகே கொண்டுபோனார். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் அன்று அவர் கஞ்சி குடிக்கவில்லை.