பெயர் மாற்றப்பட்டுள்ளது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூர் பக்கம் நடந்தது இது. பக்கம் என்று மட்டும்தான் சொல்வேன். இதில் வரும் சில அடையாளங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பத்திரிகையாளர்களுக்கான ஒரு ஃபெல்லோஷிப் எனக்குக் கிடைத்திருந்தது. பழங்குடிப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, ஆறு மாதம் அங்கேயே தங்கி, மாதம் ஒரு கட்டுரை எழுத வேண்டும். சென்னையில் கேட்டபோது காதில் தேன் பாய்ந்தது. மாடி அறையில் பெட்டியை இறக்கி வைத்த பிறகுதான் ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்று புரிந்தது. கீழ் வீட்டு அம்மா, "தனியாவா இருக்கப் போறீங்க?" என்று கேட்டதோடு சரி. நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் எல்லாரிடமும் கேள்வி கேட்பேன். என்னிடம் ஒரு கேள்வி கேட்க ஆள் இருக்காது. தொண்டையிலிருந்து குரல் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே சில நாள் அம்மாவுக்கு போன் போட்டிருக்கிறேன்.

நான் போய்வந்த இடங்களில் ஒரு நரிக்குறவர் குடியிருப்பும் உண்டு. பாசிமணி, ஊக்கு, சீப்பு விற்கக் குடும்பத்தோடு திருவிழாக்களுக்குக் கிளம்பிவிடுவதால், அங்கே பிள்ளைகளின் படிப்பு ஐந்தாவது, எட்டாவதோடு நின்றுவிடும். பிளஸ் டூ வரை வந்திருந்தது ஒரே ஒரு பெண்தான். வீட்டில் சத்தம், படிக்க இடமில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்து படி என்றேன். வந்தாள். இயற்பியல் புத்தகத்தைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பாள். நடுவில் தலையைத் தூக்கி, "நீங்க ஏங்க்கா எப்பப் பாத்தாலும் பன்னும் டீயுமாவே இருக்கீங்க?" என்பாள். அந்த ஊரில் என்னைக் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவள். வாரம் முழுக்க நான் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிறு, சிரித்துக்கொண்டே ஒரு ரகசியம் சொன்னாள். ஸ்கூலில் யாருக்கும் அவள் எங்கிருந்து வருகிறாள் என்று தெரியாதாம். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் அவள் குடியிருப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி, பஸ் போகும்வரை செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்று, பிறகு கண்மாய்க்கரை வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போவாளாம். ஆறாம் வகுப்பிலிருந்து இப்படித்தான்.

நிருபருக்கு இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? அந்த மாதக் கட்டுரையை அதிலிருந்தே தொடங்கினேன். எல்லாம் முறைப்படிதான் செய்தேன். அவள் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். "நல்லா எழுதுங்க சாமி" என்று சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தார். அவள், "பேரு மட்டும் போட்றாதீங்கக்கா" என்றாள். போடவில்லை. வேறு பெயர் வைத்து, 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். எடிட்டர் போனில், "அந்த பஸ் ஸ்டாப் ஓப்பனிங் பிரமாதம்" என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

குடியிருப்புக்குப் போனேன். அவள் அம்மா மணி கோத்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே, "அவ இங்க இல்ல சாமி. சித்தப்பன் கூட மீமிசல் பக்கம் யாவாரத்துக்குப் போயிட்டா. ஸ்கூலுக்குப் போமாட்டேங்குறா" என்றார். என்ன ஆயிற்று என்றேன். "நீங்க எழுதுனத எல்லாரும் செல்லுல படிச்சிருக்காங்க" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது. யாரோ ஒரு ஆசிரியர் நல்லெண்ணத்தில் கட்டுரையை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். வகுப்பில் பாதிப் பேர் போவது அதே டவுன் பஸ்ஸில். அந்த ஸ்டாப்பில் செருப்பைச் சரிசெய்வது யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? பெயரை மட்டும் மாற்றிய நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தேன். மறுநாள் ஒரு பெண் அவளிடம் போய், "ஒரு ஊக்கு இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். மதியம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான்.

பிராக்டிகல் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. எடிட்டரிடம் சண்டை போட்டுக் கட்டுரையை இணையத்திலிருந்து எடுக்க வைத்தேன். மறுநாள் காலையிலேயே புதுக்கோட்டை போய், அறந்தாங்கியில் பஸ் மாறி, மீமிசலில் இறங்கினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். மீன் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் இல்லாமல் அவளை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆனது. அவள் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

எதிரில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும் சாமி?" என்றாள். அவள் வீட்டார்தான் எல்லாரையும் சாமி என்பார்கள். அவள் ஒருநாளும் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோனது. அந்தச் சாக்கின் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மீன் வாங்க வந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் ஒரு சீப்பு விற்று, ஒரு பாக்கெட் ஊக்கு விற்று, அதன் பிறகுதான் பேசினாள். "நீங்க பேரு போடல. நா எறங்குற எடத்தப் போட்டுட்டீங்க."

கட்டுரையை எடுத்தாயிற்று என்றேன்.

"எடுத்துட்டா படிச்சவங்க மறந்துருவாங்களா?"

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் மறுபடியும் ஒன்றை வாங்கிக்கொண்டு போவதுபோல் பட்டதால் சொல்லவில்லை. பிராக்டிகலுக்கு மட்டுமாவது வந்துவிடு, ஏழு வருட உழைப்பு என்றேன்.

மணிகளைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "வருவேன். அவளுங்களுக்குப் பயந்து நிப்பாட்டுனா அப்பறம் எங்க ஆளுக யாருமே அங்கிட்டு போக மாட்டாங்க. ஆனா நீங்க வரக்கூடாது. ஸ்கூல் பக்கமும் வேணாம், வீட்டுப் பக்கமும் வேணாம். நா பாஸா பெயிலான்னு யார்கிட்டயும் விசாரிக்காதீங்க. என்னய விட்ருங்க."

சரி என்றேன். பிராக்டிகல் அன்று அவள் அம்மா யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, "இன்னிக்கிப் பரீட்சைக்குப் போயிட்டா சாமி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று சாப்பிடாமலே தூங்கினேன். சந்தோஷமா துக்கமா என்று இன்றுவரை தெரியாது.

மீதி இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அந்த அறையில் தனியாகவே கழித்தேன். யாரைக் குற்றம் சொல்வது? அதன் பிறகு எழுதிய கட்டுரை ஒவ்வொன்றையும், அனுப்புவதற்கு முன்பு, அதில் வருகிறவர்களிடமே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். சிலர் இந்த வரி வேண்டாம் என்றார்கள். பெரும்பாலும் அது நான் ஆசையாக எழுதிய வரியாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சென்னையில் இருந்தேன். அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் நம்பர் என் போனில் இருந்தது. ஒரு அழைப்பு போதும். எடுத்து எடுத்து வைத்தேன். சாயங்காலம் அந்த நம்பரையே அழித்துவிட்டேன். அவள் என்ன மார்க் எடுத்தாள், இப்போது எங்கே படிக்கிறாள், படிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கேள்வி கேட்டே பிழைக்கிற எனக்கு, கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான் அவளுக்கு நான் செய்த ஒரே மரியாதை.