ஐந்து முறை போய்வந்தவர்

டிராவல்ஸ் கடைக்குள் நுழைந்த ஓய்வுபெற்ற டீச்சர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்: "நீங்க அந்தப் பெங்குயின் தீவுக்கெல்லாம் நேர்ல போயிருக்கீங்களா, இல்ல படத்தைக் காட்டி ஆள் பிடிக்கிறீங்களா?"

"அஞ்சு தடவை," என்றார் சித்தப்பா, வறுத்த கடலையை மென்றபடி.

குளிர் எப்படி என்று கேட்டார் டீச்சர். இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு, தீர்ந்தது என்றார் சித்தப்பா. படகு ஆடுமா என்றதற்கு, தொட்டில் மாதிரி, தூக்கம்தான் வரும் என்றார். கடைசியாக டீச்சர் ஒன்று கேட்டார். ஆயிரக்கணக்கில் பெங்குயின் நிற்குமாமே, அங்கே வாசனை எப்படியிருக்கும்?

"வாசனையா? ஒண்ணும் கிடையாதும்மா. பனிக்காத்துதானே, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும்."

"சரி. நீங்க கூட வந்தா நானும் என் சிநேகிதிகளும் வர்றோம். பார்த்தவர் பின்னாடிதான் நான் போவேன்."

பக்கத்து மேசையில் இருந்த அவருடைய அண்ணன் மகள் தலை நிமிரவில்லை. தெற்குக் கோடித் தீவுகளின் படகுக்காரர்களுக்கு அவர்கள் மொழியில் எழுதுவதும், பதில் வந்தால் சித்தப்பாவுக்கு விளங்கவைப்பதும் அவள் வேலை. அவர் கடலைக் கண்டது கடைச் சுவரின் காலண்டரில் மட்டும்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

சித்தப்பா தானாக எழுந்து போன இடம் என்று எதுவும் கிடையாது. பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழித்த காலத்தில், ஊர்ப்பெயர்களைக் காதால் கேட்டே அந்த ஊர்களுக்கெல்லாம் போய்வந்தவர் ஆனார். மாமனார் வைத்துக்கொடுத்த இந்தக் கடையில் உட்கார்ந்ததும் உலகத்துக்கே போய்வந்தவர் ஆனார். பொய் சொல்கிறோம் என்ற கூச்சம்கூட அவரிடம் இல்லை. பொய்க்கு நிமிர்ந்து உட்கார வேண்டும், அவர் சாய்ந்தபடியே சொல்வார். "மொட்டை மாடி ஏறினாலே உங்க சித்தப்பாவுக்குத் தலை சுத்தும், இதுல திமிங்கிலமாம்," என்பாள் சித்தி.

அந்தச் சித்தியின் வாய்க்குப் பயந்தோ, டீச்சரின் கண்ணுக்குப் பயந்தோ, சித்தப்பா கிளம்பினார். மொழி தெரிந்தவள் என்று அண்ணன் மகளையும் இழுத்துக்கொண்டார்.

படகு துறையைத் தாண்டியதும் தொட்டில் ஆடத் தொடங்கியது. சித்தப்பா ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டார். பாறைகளில் கடல்நாய்கள் கொழுத்த மூட்டைகளாகப் புரண்டன. அவர் வாளியைப் பார்த்தார். படகின் இடப்பக்கம் ஒரு திமிங்கிலம் மூச்சு விட்டு, முதுகைக் காட்டி, அவசரமே இல்லாமல் உள்ளே போனது. சிநேகிதிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். வாளிக்குள்ளிருந்து, "இது சின்னது, போன தடவை பெருசு வந்துச்சு," என்று குரல் மட்டும் வந்தது. வாந்தி எடுக்கும்போதும் புளுக முடிகிற மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பெங்குயின் தீவில் இறங்குவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. வெளியிலிருந்து ஒரு விதைகூட அங்கே விழக்கூடாது. எல்லோரும் ஷூவின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, பையை உதறிக் காட்ட வேண்டும். படகோட்டும் பெண்மணி சித்தப்பாவின் கோட்டுப் பையைக் கவிழ்த்தார். கடலை கொட்டியது. பையில் ஓட்டை, உதற உதற உள்துணிக்குள்ளிருந்து தோலும் பருப்பும் விழுந்துகொண்டே இருந்தன. அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

முன்பு ஒரு தடவை வந்தவர்கூட இப்படி வரமாட்டார் என்றுதான் அந்தப் பெண்மணி சொல்லியிருந்தார். சித்தப்பா அவளையே பார்த்தார். வெளிறிய முகம், மீசையில் ஒரு கடலைத்தோல்.

"கோட்டைக் கழற்றினாதான் இறங்கலாமாம்," என்றாள் அவள். அதுவும் அந்தப் பெண்மணி சொன்னதுதான்.

அந்தக் காற்றில் கோட்டில்லாமல் யார் இறங்குவார்? "நான்தான் பார்த்தாச்சே, நீங்க போங்க," என்று சித்தப்பா பெருந்தன்மையாகக் கையசைத்தார்.

அந்தப் பாதி மொழிபெயர்ப்பு ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மேட்டைத் தாண்டியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. அழுகிய மீனும் கோழிப்பண்ணையும் சேர்ந்த நாற்றம். கண்ணில் நீர் வந்தது. டீச்சர் மஃப்ளரால் மூக்கை மூடிக்கொண்டு, பெங்குயின் கூட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, அஞ்சு தடவையும் உங்க சித்தப்பா மூக்கை வீட்டுலயே வெச்சுட்டு வந்தாரா?"

திரும்பும் வழியில் டீச்சர் வேண்டுமென்றே சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மஃப்ளரைக் காற்று வீசும் பக்கமாக உதறி மடித்தார். "வாசனை வருதா சார்? ஒண்ணும் இருக்காதே?" என்று அன்பாக விசாரித்தார். சித்தப்பா வாளியைத் தேடினார்.

ஊர் திரும்பியபோது கதை அவருக்கு முன்னாலேயே கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. டீக்கடைக்காரர், தையல்காரர், பேங்க் காவலாளி என்று போகிறவர் வருகிறவரெல்லாம் வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்டார்கள்: அங்கே வாசனை எப்படி சார்? வேறொருவராக இருந்தால் கடைக்குப் பூட்டுப் போட்டிருப்பார். சித்தப்பா இரண்டு நாள் கடலை மட்டும் மென்றார்.

மூன்றாம் நாள், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாற்காலியை அவள் மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று ஒரு கணம் நினைத்த தன் புத்தியை அவளால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை.

"பாப்பா," என்றார் குரலைத் தாழ்த்தி, "அந்த நாத்தம் எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் விவரமாச் சொல்லேன். ஆறாவது தடவை போனவன், சரியாச் சொல்லணும்ல."