பதினேழாம் எண் கல்

தேக்கா சந்தைப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. அம்மா தோசைக்கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஓர் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன். அந்த நொடியில்தான் தோன்றியது: ஏழு கிண்ணம், ஏழு கல்! ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எடுத்த இடம், பிறகு நானே வைக்கும் பெயர். அதுவரை நான் கடற்கரைகளில் பொறுக்கிச் சேர்த்த கற்களும் சிப்பிகளும் பழைய காலணிப் பெட்டிக்குள் உரசிக்கொண்டு கிடந்தன. மூன்று பெட்டி வாங்கினேன்.

ஒரே வாரத்தில் பதினாறு கிண்ணம் நிரம்பியது. 'தூங்குமூஞ்சி', 'கோபக்காரன்', 'பாதி நிலா' என்று நோட்டில் பெயர்கள். பதினேழாவதுதான் கிண்ணத்தில் அடங்கவில்லை. செம்பவாங் கடற்கரைச் சேற்றில் எடுத்தது. கோழிமுட்டையைவிடப் பெரிது, கறுப்பு, அளவுக்கு மீறிய கனம். மேசையிலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மாலை திரும்பியபோது அது சாமி மாடத்தில் இருந்தது. குளிப்பாட்டி, விபூதிப் பட்டை இட்டு, மல்லிகை வைத்து, முன்னால் விளக்கும் ஏற்றியிருந்தார் அம்மா.

"லிங்கம் மாதிரியே இருக்குடி. இதைப் போய் மேசைல உருள விட்டிருக்கே!"

சிரித்தபடி கிட்டே போனேன். அம்மா தேய்த்த தேய்ப்பில் அடிப்பக்கம் ஓடு பெயர்ந்திருந்தது. உள்ளே சீரான இடைவெளியில் வளைய வளையமாகக் கோடுகள். திருகுமரை. கல்லில் ஏது மரை?

செம்பவாங்கில் முன்பு கடற்படைத் தளம். இந்த ஊரில் எங்காவது தோண்டும்போது போர்க்காலக் குண்டு கிடைத்ததாகச் செய்தி வரும். அதை மடியில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் வந்தவள் நான். சுடர் அதற்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது.

ஊதி அணைத்தேன்.

"வாயால ஊதுறியே, அறிவிருக்கா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

"அம்மா, அது குண்டா இருக்கலாம். தொடாதீங்க. கீழ போயிடலாம், வாங்க."

"நான் நார் போட்டுத் தேய்ச்சேனேடி..." அம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

படியிறங்கிக்கொண்டே போலீசை அழைத்தேன். வந்தவர்கள் எங்கள் மாடியையே காலி செய்தார்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழே, அம்மா என் மணிக்கட்டை விடவே இல்லை. நான் கொண்டுவந்தது அவர் உயிரை எடுத்திருந்தால் என்ற ஒரே நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது.

நெடுநேரம் கழித்து இளம் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "வெடிக்கிற சாமான் இல்ல, ஆன்ட்டி. ஏதோ பழைய கப்பல் இரும்பு. விபூதியப் பார்த்து எங்க ஆளுங்களே ஒரு நிமிஷம் முழிச்சுட்டாங்க லா." என் பக்கம் திரும்பினார். "இனிமே இப்படிப் பார்த்தா தொடாதீங்க. கூப்பிடுங்க."

அண்டை வீட்டார் சிரித்தார்கள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இருக்கறது இருக்கட்டும். புதுசா ஒரு கூழாங்கல்கூட உள்ள வரக் கூடாது," என்றார் அம்மா. சரி என்றேன். நோட்டில் பதினேழுக்கு நேராக 'இரும்பு' என்று மட்டும் எழுதினேன். பெயர் வைக்கத் துணிச்சல் வரவில்லை.

சனிக்கிழமை மறுபடி செம்பவாங் போகிறேன். பை கிடையாது, நோட்டும் பென்சிலும் போதும். பதினெட்டாவது எங்கே கிடக்கிறதோ அங்கேயே அதை வரைந்து, பெயர் வைத்துவிட்டு வரவேண்டும். கை நீளாமல் இருக்கிறதா, பார்க்கலாம்.