தூளிச் சேலையில் சுற்றிய துப்பாக்கி

கடலூருக்குப் போக வேண்டிய அன்று, குழந்தை எழுந்திருப்பதற்கு முன்பே துப்பாக்கியைக் குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றி வைத்துவிட்டேன். அது என் மாமனாருடையது. சிதம்பரத்துக்குக் கிழக்கே நாங்கள் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையைக் காட்டுப்பன்றிகள் தோண்டிப் போட்டதால், லைசென்ஸ் எடுத்து அவர் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்த முறை துப்பாக்கியோடு ஆளும் நேரில் வர வேண்டும் என்று கடலூர் மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

மாமாவுக்கு அப்போது வலது கை நடுங்கும். காபி டம்ளரைத் தூக்கினால் பாதி வேட்டியில் கொட்டும். என் கணவர் ஈரோட்டில் வேலையாக இருந்தார், லீவு கிடைக்கவில்லை. அதனால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மாமாவோடு நான் போக வேண்டியதாயிற்று.

என் மகள் நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி சாத்தியிருந்த மூலைக்குத்தான் தவழ்ந்து போவாள். அதன் கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்பாள். எத்தனை முறை தூக்கி வந்தாலும் அங்கேயே போவாள். மாமாவின் கையைப் பார்த்தால் ஆபீசரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார், துப்பாக்கி அங்கேயே தங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மாமாவிடம் அதை நான் எப்படிச் சொல்ல முடியும்?

நான் பள்ளிப் படிப்பை முடித்தவள். லைசென்ஸோடு இங்கிலீஷில் அச்சிட்டிருந்த நிபந்தனைகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன், தெரிந்தவர்களிடமும் விசாரித்தேன். லைசென்ஸ்காரர் கூடவே இருந்தால்தான் இன்னொருவர் அதைப் புதுப்பிக்கக் கொண்டுபோகலாம் என்று புரிந்தது. சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்பது தனிக் கவலை. குழல்களை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். காலியாக இருந்தன. குழந்தையின் தூளிக்குக் கட்டும் பழைய சேலையில் குழலும் கட்டையும் ஒன்றோடொன்று படாமல் சுற்றினேன். பிறகு சந்தேகம் வந்து, அவிழ்த்து இன்னொரு தரம் பார்த்தேன். தோட்டாப் பெட்டியை வாடகைக் காரின் டிக்கியில் பூட்டச் சொன்னேன்.

"ஏம்மா, பொணத்தச் சுத்துற மாதிரி சுத்துற? அப்பல்லாம் நான் கால் நடுவுல நிறுத்திக்கினு போவேன். போலீஸ்காரனே சல்யூட் அடிப்பான்" என்றார் மாமா.

"அது அப்போ மாமா."

வழியில் ஆலப்பாக்கத்தில் ரயில் கேட் மூடியிருந்தது. நான் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமா இறங்கி டீக்கடைக்கு நடந்துவிட்டார். டிரைவரும் பின்னாலேயே போனார். மடியில் குழந்தை, காலடியில் துப்பாக்கி, லைசென்ஸ் மாமாவின் சட்டைப் பையில். துப்பாக்கியை விட்டுவிட்டு இறங்கவும் முடியாது, எடுத்துக்கொண்டு இறங்கவும் முடியாது. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் வேறு சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"மாமா! மாமா! வாங்க!" என்று கத்தினேன்.

கூடையோடு நின்றிருந்த மீன்காரம்மா திரும்பிப் பார்த்தாள். "இன்னாம்மா, பெரியவரு ஓடிப்பூடுவாருன்னு பயமா?"

"ஒரு டீ குடிக்க உட மாட்டேங்குறா. துப்பாக்கிக்கு வாங்கின லைசென்ஸ் பத்தாது, இவகிட்டயும் எனக்கு ஒண்ணு வாங்கணும்" என்று மாமா அங்கிருந்தே சொன்னார். கடையே சிரித்தது.

துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்ததும் கான்ஸ்டபிள் காருக்குள் குனிந்தார். "எங்கம்மா?" நான் மூட்டையைக் காட்டினேன். "தூளித் துணியிலயா!" என்றவர், மாமா வந்து லைசென்ஸை நீட்டும் வரை நகரவில்லை. எனக்கு அந்தக் காலையிலேயே ஒரு நாள் முழுக்க உழைத்த அலுப்பு.

ஆபீஸில் நெடுநேரம் காத்திருந்தோம். குழந்தை அழுது, தூங்கி, மறுபடியும் அழுதாள். கடைசியில் உள்ளே கூப்பிட்டு, துப்பாக்கியை ஒன்றுசேர்த்துக் காட்டச் சொன்னார்கள். மாமா குழலை எடுத்துக் கட்டையில் பொருத்தப் பார்த்தார். கை ஒத்துழைக்கவில்லை. குழல் இடித்து இடித்து விலகியது. நான் எதிர்பார்த்து வந்தது இதைத்தான். ஆனாலும் அதைப் பார்க்க முடியாமல் குழந்தையின் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபீசர் மேஜைமேல் கிடந்த சேலையைத் தொட்டுப் பார்த்தார். "இத யாரு இப்படிக் கட்டுனது?"

"எம் மருமவ சார். படிச்சவ. காலியான்னு குழல ரெண்டு வாட்டி பாத்துடுவா. தோட்டாவ எங்க வச்சிருக்கான்னு எனக்கே சொல்ல மாட்டா. பயம் ஜாஸ்தி."

"பயம் இருக்கிறவங்க கையிலதான் இது இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "வீட்டுல நீங்க பாத்துப்பீங்களாம்மா?"

மாட்டேன் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. மாமா என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்துக்குறேங்க" என்றேன்.

லைசென்ஸில் முத்திரை குத்தி, துப்பாக்கியையும் கொடுத்துவிட்டார்கள். திரும்பும்போது கடலூர் முதுநகர் தாண்டுவதற்குள் மாமா முன் சீட்டில் தூங்கிவிட்டார். பின்னால் என் மகள் மூட்டைக்குள் இருந்த கட்டையைக் கண்டுபிடித்து, அதைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றாள். விரல்களைப் பிரித்து உட்கார வைத்தேன். மூட்டையை மறுபக்கம் நகர்த்தினேன். அங்கேயும் வந்தாள்.

இதை வீட்டில் எவ்வளவு உயரத்தில் வைப்பது? பரணில் வைத்தால் மாமாவுக்கு எட்டாது. எட்டாமல் இருப்பதே நல்லது. ஆனால் கொல்லையில் பன்றி இறங்கினால் யார் எடுத்துக் கொடுப்பது? நான்தான். தோட்டாவையும் நான்தான்.

ஆலப்பாக்கம் கேட் மறுபடியும் மூடியிருந்தது. கார் நின்றதும் மாமா விழித்துக்கொண்டார். டீக்கடையைப் பார்த்தார். கதவின் மேல் கையை வைத்தவர், திறக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எறங்கட்டுமாம்மா?"