முகம் வைத்துவிட்டார்கள்

இன்று திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே என் ஓவியத்தைப் பார்த்தேன். மனை விற்பனை விளம்பரப் பலகையில்.

போன வருஷம் இந்த வயல்களைப் பிளாட் போடக் கூடாதென்று ஊரே பந்தலில் உட்கார்ந்தது. எல்லாக் கட்சிக் கொடியும் வந்தது. அப்போது பேனருக்காக வரைந்து கொடுத்த படம் அது. குனிந்து நாற்று நடுகிற பெண், சில வளைகோடுகள், அவ்வளவுதான். நான் எப்போதும் முகம் வரைவதில்லை.

"முகமே இல்லையேக்கா?" என்றார் போராட்டத்தை நடத்திய செல்வம்.

"பாக்குறவங்க அவங்கவங்க முகத்த வச்சுக்கட்டும்" என்றேன். கைதட்டினார்.

பலகையில் அவளுக்கு முகம் இருக்கிறது. பவுடர் போட்டுச் சிரிக்கிறாள்.

இறங்கியதும் செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்கக்கா, நம்ம வயலையும் பிளாட்காரங்களுக்குக் குடுத்தாச்சு. படம் நல்லா இருக்கேன்னு அவங்களுக்கே குடுத்துட்டேன்."

"அந்த முகம் யாருங்க?"

"எம் பொண்ணுதான்க்கா. நீங்கதானே வச்சுக்கச் சொன்னீங்க?"

சரி. இனிமேல் நானும் முகம் வரையப் போகிறேன். முதல் படம் செல்வம்தான். எந்தச் சுவரில் வரையலாம், சொல்லுங்கள்.