லென்ஸில் ஏறிய வெள்ளம்

அருவியில் குளிக்கப் பயப்படுகிற தென்காசிக்காரன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் பயத்துக்கு ஒரு கௌரவம் தேடித்தான் வெள்ளத்தைக் கண்டுபிடிக்கும் ரேடாரில் இறங்கினேன் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் அந்த ரேடாருக்கு லென்ஸ் செய்தது நான். பாதியாக அறுத்த இட்லி மாதிரி, ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் வளைந்தும் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. விரிந்து போகும் ரேடியோ அலையைக் குவித்து, பாறையில் சிதறவிடாமல் நேரே தண்ணீரில் இறக்கும். அலை எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறதோ, தண்ணீர் அவ்வளவு உயர்ந்திருக்கிறது. தட்டையான முகத்தைக் கீழே பார்க்க வைத்திருந்தேன். செய்வதற்குச் சுலபம், பார்க்கவும் லட்சணம்.

ஒரு சாரல் நாளில் அருவிக்கு மேலே, ஓடையின் குறுக்கே ரேடாரைக் கட்டிவிட்டு, லேப்டாப்போடு கீழே வந்து நின்றேன். என் மனைவியின் அண்ணன், கூட்டத்தை முண்டித் தள்ளி, நல்ல தண்ணீர் விழும் இடமாகப் பிடித்து, கம்பியைப் பற்றிக்கொண்டு முதுகைக் கொடுத்திருந்தார்.

திடீரென்று திரையில் கோடு உச்சிக்கு ஏறியது. தண்ணீர் ரேடாரையே தொட்டுவிட்டதாக அர்த்தம்.

"வெள்ளம்! வெளிய ஓடுங்க!"

ஆடு கத்துவது போலிருந்தது என் குரல். போலீஸ்காரர் விசிலடித்தார். ஈரத்துண்டும் குழந்தைகளுமாகச் சனம் சிதறி ஓடியது. எச்சரித்த நான்தான் எல்லோருக்கும் முன்னால் சிப்ஸ் கடை வாசலில் நின்றேன். லேப்டாப் அருவிக்கரையிலேயே கிடந்தது.

வெள்ளம் வரவில்லை.

"எங்கன அண்ணாச்சி வெள்ளம்?" என்றார் போலீஸ்காரர்.

"மாப்ளைக்கு பேன்ட்ல வந்திருக்கும் சார்" என்றார் மச்சான்.

மேலே போய்ப் பார்த்தேன். சாரல், லென்ஸின் தட்டை முகத்தில் படலமாக ஒட்டியிருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் ரேடார் ஓடை என்று நம்பியிருக்கிறது. இறங்கி வந்து சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சான் மட்டும் தலையைத் துவட்டியபடி சொன்னார்:

"இன்னைக்கு நீரு கத்துனதும் ஓடியாந்தேன். பிடிச்ச இடம் போச்சு. இன்னொரு வாட்டி கத்துனா, யோசிச்சுத்தான் வருவேன் மாப்ள."

என் சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளம் அவர் யோசித்து முடிக்கும்வரை நிற்காது.

இப்போது வளைந்த முகம்தான் கீழே பார்க்கிறது. துளிகள் வழுக்கி நடுவில் சேர்ந்து சொட்டிவிடுகின்றன. வீட்டுக் குளியலறையில் கட்டி, ஷவரைத் திறந்துவிட்டுப் பார்த்தாயிற்று. கோடு ஆடவில்லை.

போன வாரம் மறுபடி சோதனை. மச்சான் அதே இடத்தைப் பிடித்திருந்தார். திரையில் கோடு சாதுவாகப் படுத்திருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.