சிமெண்டு உதிர்ந்த கிடங்கு

மதியம் மூன்று இருபதுக்கு, ராயபுரத்தில் பலரும் இடிக்கச் சொன்ன அந்தப் பழைய சரக்குக் கிடங்கின் உட்சுவர்ப் பூச்சு மொத்தமாகச் சரிந்தது. அதை இடிக்காமல் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றிருந்த என் மகள் ஸ்டெல்லா உள்ளே இருந்தாள். அவளைப் பார்க்கப் போயிருந்த என்னை மேஸ்திரி வாசலிலேயே மறித்தார்.

"போவாத யக்கா, இன்னும் கொட்டிகினு கீது."

புழுதியோடு ஈரச் சுண்ணாம்பு வாசம் வந்தது. அது என்னை, இன்று கண்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில் அன்றிருந்த எங்கள் துறைமுகக் குடியிருப்புக்கு இழுத்துப்போனது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் எண்ணூர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு பீப்பாய்த் தண்ணீரில் குமுறிக் கொதிக்க, கிட்டே போகும் எங்களை அம்மா விரட்ட, நசுக்கிய தென்னைமட்டையைத் தூரிகையாக்கி வெள்ளையடித்த சுவர் முதலில் சாம்பலாகத் தெரிந்து, காயக் காய வெளுத்து, விடிந்ததும் தெருவைப் பார்க்கவே கண் கூசும். பிறகு உறுதி என்று நம்பி எல்லாரும் அதன்மேல் சிமெண்டு பூசினோம். வெளியேற வழியில்லாத உப்பு ஈரம் செங்கல்லையே அரித்துத் தின்றது. கிடங்குக்கும் யாரோ அதையே செய்திருந்தார்கள்.

தலை முதல் கால் வரை சுண்ணாம்புத் தூசியில் வெள்ளையாக ஸ்டெல்லா வெளியே வந்தாள். நான்தான் அழுதுகொண்டிருந்தேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அழுவாதம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. வுழுந்தது சிமெண்டு மட்டும்தான். உள்ள செங்கல்லும் சுண்ணாம்பும் இன்னும் அரிக்காம அப்படியே கீது. இனிமே இத்த இடிக்கச் சொல்லட்டும், பாக்கலாம்."